முகமில்லாத பனியன்

அவள் பனியனைத் தையல் மிஷினில் திருப்பிப் போட்டாள்.

கணவனின் முகம் மேலே வந்தது. இந்த முறை காதோரம் கிழிந்திருந்தது.

சுயம்புலிங்கம் பைக் விபத்தில் போனதும், அவன் ஆடிய கபடிக் குழு அவன் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. பனியனில் நெஞ்சு நிறைய அவன் படம். மீசையோடு சிரித்துக்கொண்டிருப்பான். ஊருக்கே பெருமை. முதல் நாள் பொன்செல்விக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பனியனைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது விதி. ஊர்க் கபடியில் விதியும் பனியனும் சேர்ந்தேதான் கிழியும்.

கிழிந்ததெல்லாம் அவளிடம் வந்தது. அவளைவிட உரிமையாக யார் தைத்துக் கொடுப்பார்கள் என்று பையன்கள் நினைத்தார்கள்.

ஒரு வாரம் கன்னம். ஒரு வாரம் மூக்கு.

மீசை என்றால் கறுப்பு நூல் போதும். அவன் நிறத்துக்கு நூல் எந்தக் கடையிலும் இல்லை.

ஒரே ஒரு தடவை ஆட்டம் பார்க்கப் போனாள். ஏழு பேர் சேர்ந்து ஒருவனை அமுக்கினார்கள். எழுந்தபோது அவன் நெஞ்சில் இருந்த முகத்தில் வாயெல்லாம் மண். சுற்றிலும் ஒரே விசில்.

பிறகு அவள் போகவில்லை.

வாசலில் யாரோ செருமினார்கள்.

கேப்டன் பேச்சிமுத்து. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நேற்றும் வந்தான், ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

பையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டீக்கடையில் கொஞ்ச நாளாக வேறு பேச்சே இல்லை. மாவட்டப் போட்டிக்குப் புதுப் பனியன். எந்த நிறத்தைச் சொன்னாலும் அது ஏதாவது ஒரு கட்சிக்காரன் கொடியில் இருந்தது. தேடித் தேடி, எவனும் சொந்தம் கொண்டாடாத கத்தரிப்பூ நிறத்தில் வந்து நின்றார்கள். சின்னத்துக்கு ஒருவன் கழுகு என்றான், ஒருவன் சிறுத்தை என்றான். கடைசியில் காளை ஜெயித்தது. வால் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதற்கே இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம்.

இத்தனை வாய் இருந்த ஊரில் ஒன்றைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போட்டி விதிப்படி நெஞ்சில் நம்பர் இருந்தாக வேண்டும். நம்பர் வந்தால் படத்துக்கு இடம் இல்லை.

அதைச் சொல்லத்தான் பேச்சிமுத்துவை அனுப்பியிருந்தார்கள்.

அவன் பையிலிருந்து புதுப் பனியனை எடுத்து மிஷின் மேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு காளை. கீழே நெஞ்சு நிறைய ஒரு நம்பர். அவ்வளவுதான்.

நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"காளை எருமை மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அவள் அழுகைக்குத் தயாராக வந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"கொம்ப நீட்டச் சொல்லிருக்கோம் மதினி. அண்ணன் போட்ட ஏழாம் நம்பர யாருக்கும் குடுக்கல. அது அப்படியே இருக்கட்டும்."

அவள் மிஷினில் கிடந்த முகத்தைப் பார்த்தாள்.

பெரிய வகுப்புப் பெண்களோடு மகள் ஷிவானியைக் கபடிக்குச் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அப்பனின் கால் அப்படியே மகளுக்கு என்றாராம். மகளோ அப்பா பனியனைப் போட்டுக்கொண்டுதான் ஆடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெற்ற பிள்ளையே அந்த முகத்தோடு மண்ணில் விழுந்து புரள்வதா? பொன்செல்வி இன்றுவரை பதில் சொல்லி அனுப்பவில்லை.

"ஏழாம் நம்பர் சும்மா இருக்க வேண்டாம்" என்றாள். "சின்ன சைஸ்ல ஒண்ணு அடிக்கச் சொல்லு."

"ஞாபகத்துக்கு வச்சுக்கவா மதினி?"

"வெளையாட."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்ன சைஸ் என்று கேட்டான்.

அவள் கிழிந்த பனியனை மிஷினிலிருந்து எடுத்தாள். தைக்கவில்லை. மண்ணைத் தட்டி, முகம் உள்ளே போகும்படி மடித்து, பீரோவில் தன் கல்யாணப் புடவைக்கு மேல் வைத்தாள்.

பிறகு அளவு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிடத் திரும்பினாள்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால், ஷிவானி இரண்டு கைகளையும் விரித்து, அளவெடுக்க வாகாக நின்றுகொண்டிருந்தாள்.