எரியாத பியூஸ்

“பியூஸ் எரியல்ல, நோனா. நீங்களே பாருங்க.”

இன்ஸ்பெக்டர் அதை மேசையில் வைத்தார். மட்டக்களப்பில் வேலை பார்த்துப் பழகிய தமிழ்; அம்மா, ஐயா மட்டும் இன்னும் சிங்களத்தில், நோனா, மாத்தையா என்றுதான் வரும். வந்தவுடனேயே கனகேஸ்வரிக்குக் கதிரை போடச் சொல்லி, தேத்தண்ணியும் எடுப்பித்திருந்தார்.

கம்பிக்கு அப்பால் அவளுடைய கணவன் நாகேந்திரம் நிலத்தில் குந்தியிருந்தான். வெள்ளவத்தையில் போன் எடுக்கவும் போட்டோக்கொப்பி அடிக்கவும் ஆட்கள் வரும் அவனுடைய கொமியூனிகேஷன் கடை முந்தாநாள் மின்வெட்டு நேரத்தில் எரிந்துபோயிருந்தது.

“குண்டு வெடிக்கிற காலம், பக்கத்துல பேங்க். அந்த நேரம் கரண்டும் இல்ல. பியூஸும் நல்லாத்தான் இருக்கு. அப்ப ஷோர்ட் சேர்க்கிட் இல்லத்தானே? யாரோ வச்ச நெருப்பு.”

“ஷோர்ட்தான், சேர். கரண்ட் இல்லாத நேரம் கடை பெற்றரி இன்வேர்ட்டரிலை ஓடினது.”

“அதுக்கு?”

அவள் தயங்கினாள். பேராதனையில் படித்த மின்பொறியியலைப் பற்றிக் கலியாணத்துக்குப் பிறகு யாரும் அவளிடம் கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாகேந்திரம் கண்ணாலேயே அடக்கிவிடுவான்.

“றோட்டுக் கரண்ட் எண்டால் ஷோர்ட் ஆன உடனை கனக்கப் பாயும். பியூஸ் எரிஞ்சு லைனை வெட்டிவிடும். இன்வேர்ட்டர் அப்பிடியில்லை. தான் பழுதாகாமல் இருக்க அளவோடைதான் விடும். பியூஸை எரிக்க அது காணாது. ஆனால் பழுதான இடம் சூடேறிக்கொண்டே இருக்கும். பக்கத்திலை கடுதாசி கிடந்தால் சரி.”

“வெறும் பெற்றரியாலயே நெருப்பு வருமா?”

“ஓம் சேர்.”

“எவ்வளவு நேரத்தில?”

“வயரைப் பொறுத்தது. கணக்குப் பாத்துச் சொல்லலாம்.”

நாகேந்திரம் தலையை மெல்ல அசைத்தான், வேண்டாம் என்பதுபோல. இங்கேயுமா? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மனிதர் குறுக்கே பேசாமல் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடம் உள்ளே அடைந்து கிடந்ததெல்லாம் குரலில் ஏறி வந்தது. பேனையை வாங்கிப் படமும் கீறிக் காட்டினாள்.

“இப்ப நல்லா விளங்குது” என்றார் இன்ஸ்பெக்டர். படத்தையும் வந்தவுடன் வாங்கிவைத்த அவளுடைய அடையாள அட்டையையும் மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். “கடைக்கு யாரும் நெருப்பு வைக்கல்ல.”

கொன்ஸ்டபிள் போய்க் கம்பிக் கதவைத் திறந்தான். கனகேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“மாத்தையா போகலாம். பெற்றரியால நெருப்பு வைக்கத் தெரிஞ்ச நோனா இருங்க.”