ஏகமனதாக ஒரு தலைவர்

குளக்கரைப் புங்கமரத்தில் ஒரு பாம்பு ஏறிப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து மைனாவுக்கும் அணிலுக்கும் நிம்மதி இல்லை. பொந்தில் மைனாவின் முட்டைகள். மேல்கிளையில் அணிலின் குட்டிகள். யாராவது காவல் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் கூட்டம் போட்டன.

"காவலுக்கு அணில் அவர்களை முன்மொழிகிறேன்," என்றது மைனா.

"எனக்கு ஏது நேரம்? நான் மைனா அவர்களை முன்மொழிகிறேன்," என்றது அணில்.

வழிமொழிய ஆள் இல்லை. அப்போதுதான் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த ஆமை கண்ணில் பட்டது. மைனா முன்மொழிந்தது, அணில் வழிமொழிந்தது. ஆமை ஏகமனதாகக் காவல் தலைவர் ஆகிவிட்டது. ஒரு தாமரை இலையை எடுத்து அதன் ஓட்டின்மேல் பொன்னாடையாகப் போர்த்தின.

ஆமை விழித்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டது.

"எனக்கு மரம் ஏறத் தெரியாதே. சரி, ஆள் போடும் அதிகாரமாவது உண்டா?"

"தாராளமாக, தலைவரே."

"அப்படியானால் அணில் துணைத்தலைவர், காலைக் காவல். மைனா இணைத்தலைவர், மாலைக் காவல்."

சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

துணைத்தலைவர் வாலை நிமிர்த்திக்கொண்டு அப்போதே கிளைக்கு ஓடியது. இணைத்தலைவர் மட்டும் நகராமல் நின்று ஆமையின் ஓட்டை மெல்லத் தட்டியது.

"தலைவரே, எங்களுக்குப் பொன்னாடை எப்போது?"