தடங்கல் இல்லாத காப்பு

துவைக்கப் போட்டிருந்த மகளின் பாவாடையைப் பாக்கியம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறை எதுவும் இல்லை. பெருமூச்சு விட்டாள்.

"பூங்காவனம், ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லம்மா." மகள் தலை நிமிரவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது.

தீமிதிக்கு இன்னும் ஒரே நாள். பத்து நாள் விரதத்துக்குள் மாதத் தீட்டு வந்துவிட்டால் காப்பை அவிழ்த்துவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். இந்த வருடம் ரோஸ் பெல் ஊரில் மூன்று பெண்கள் அப்படித்தான் அழுதுகொண்டு திரும்பினார்கள். பூங்காவனத்துக்கோ நாலு வருடமாக ஒரு தடங்கலும் இல்லை.

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை திருவேங்கடத்தின் தாய் இறங்கினாள். பிளேன் மாக்னியன் ஊரில் எட்டு ஆர்ப்பாங் நிலம், சொந்தக் கரும்பு, ஒரே மகன். கல்யாணம் அடுத்த வெள்ளிக்கிழமை.

"இவ சமைஞ்சப்போ நான்தானே மொத மஞ்சத்தண்ணி ஊத்தினேன்! அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவதான் எம் மருமகள்னு. அடுத்த தீமிதிக்குப் பேரனோடதான் வருவேன், பாத்துக்குங்க!"

பாக்கியம் சிரித்து வைத்தாள். கண் என்னவோ அடுப்படிப் பக்கம் போயிற்று. அங்கே அவளுடைய தங்கை மருதை காப்பி வடித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், ஒரு பரு காணாத முகம். குழந்தை இல்லை என்று மூன்றே வருடத்தில் புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அப்போது மருதையைச் சோதித்த டாக்டர் கையை விரித்துவிட்டார். வயிற்றில் கரு ஆணா பெண்ணா என்று உருவாகும்போதே இவள் உடம்பு தடம் மாறிவிட்டது, மருந்தில்லை என்றார். தாய்வழியில் இன்னொருத்திக்கு வந்தாலும் வரலாம் என்றும் சொன்னார்.

பூங்காவனத்தைப் பார்ப்பவர்கள் அச்சு அசல் சித்தி என்பார்கள். அதைக் கேட்டாலே பாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சம்பந்தியை அனுப்பிவிட்டு, உச்சிவெயிலில் தனியாகக் கோயிலுக்கு ஓடினாள். வெளியே தீக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் அம்மன் முன்னால் விழுந்தாள். எழுந்து நின்று அழுதாள்.

பூசாரி திருநீறு கொடுத்தார். "எதுக்கும்மா அழுவுற? ஒம்பது நாள் தாண்டிடுச்சு. பொண்ணு சுத்தமா தீயில எறங்கிடுவா."

அழுகை இன்னும் கூடிற்று. பக்தி என்று நினைத்துக்கொண்டு அவர் நகர்ந்துவிட்டார்.

பாக்கியம் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"நான் பொய்யா பண்ணின மஞ்சத்தண்ணிச் சடங்கை மெய்யாக்கிக் குடு தாயே, ஒரே ஒரு தடவை எம் பொண்ணைத் தீட்டாக்கிடு!"