ஆயுள் முடிந்த கார்

இந்தக் காலத்து ஜனங்கள் காரில் ஏறினால் போகிற வழியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று முனகினார் காயலான் கடை இருசப்பன். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார்கள், ஆயுள் முடிந்ததும் தாமாகவே அவர் பட்டறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொள்ளும். இன்று வந்த காருக்குள் ஒரு நிறைமாதக்காரி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் ஏறினேன்யா. பாதி வழியில இங்க திரும்பிடுச்சு."

கதவை மெஷினால் அறுத்து அவளை இறக்கினார். அதற்குள் புத்தம்புதுக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது.

"மாத்து வண்டி வந்திருச்சு பெருசு, ஏத்து" என்றான் பட்டறையில் இருந்த கார் கம்பெனி சூப்பர்வைசர்.

"இது எங்க கொண்டுபோவும்னு உனக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியும்."

"முன்னாடி வந்ததுக்குந்தான் தெரிஞ்சிருந்திச்சு."

எஞ்சின் ஏற்றும் தள்ளுவண்டியில் சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்தார். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. புதுக் கார் கதவைத் திறந்தபடி பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு நடந்தார்.