பூசைக்கு முன் புகை

"இன்னொண்ணு ஊத்து. வாசனை தெருவுக்குப் போகட்டும்," என்றார் ரெமிஜியஸ்.

அவர் மனைவி பிரிஜெட் ஆப்பச் சட்டியில் மாவை விட்டுச் சுழற்றினாள். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவு. ஓரம் மொறுமொறுவென்று எழுந்தது, நடுவில் பஞ்சு மாதிரி உப்பியது. பக்கத்தில் ஏலக்காய் தட்டிப் போட்ட தேங்காய்ப்பால். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த நேரம். பார்க்கிறவர்கள் ஏதோ விசேஷ வீடு என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் சுட்டு அடுக்கியதில் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

உள்ளறையில், மரப்பெட்டிக்குப் பின்னால், மகள் டோரதி முந்தாநாளிலிருந்து காய்ச்சலில் கிடந்தாள். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அந்த 1898-ஆம் வருஷம் பெங்களூர்த் தண்டில், பட்டாளம் தங்கியிருந்த அந்தப் பகுதியில், அந்தக் கட்டிக்கு என்ன பெயர் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

பிளேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் போச்சு. வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போன வாரம் எதிர்வீட்டுச் செசிலியம்மாளை அப்படித்தான் ஏற்றினார்கள். அவள் பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் காலைப் பிடித்துக் கதறியும் அவர் கேட்கவில்லை. அந்தச் சந்திலிருந்து கொட்டகைக்குப் போனவர்கள் யாரும் இதுவரை திரும்பவில்லை.

"கோயில்ல யாராவது கேட்டாங்களா?"

"உனக்குத் தலைவலின்னு சொல்லிட்டேன். ஆனா இன்ஸ்பெக்டர் ஆம்ப்ரோஸ் இன்னிக்குப் பூசைக்கு வரல."

பிரிஜெட் சட்டியிலிருந்து நிமிர்ந்தாள். ஒரு ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் முழங்கால் போடுகிற மனிதர். பூசையைக்கூட விட்டுவிட்டு வீடு வீடாகச் சோதனைக்குக் கிளம்பிவிட்டாரா?

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஆம்ப்ரோஸேதான். சேவகர்கள் யாரும் கூட இல்லை, வண்டியையும் காணோம். முக்கில் நிறுத்தி வைத்திருப்பார் என்று ரெமிஜியஸ் நினைத்துக்கொண்டார். தோளில் வழக்கமாகத் தொங்கும் மருந்துப் பை. வெள்ளைக் கோட்டின் கைமடிப்பில் அப்பியிருந்தது அடுப்புக்கரி. காலையிலேயே யார் வீட்டு அடுப்படியைக் கிளறிவிட்டு வருகிறாரோ என்று பிரிஜெட் பயந்தாள்.

"வாங்க ஐயா, உக்காருங்க. ஆப்பம் சூடா இருக்குது. பால் ஊத்திச் சாப்பிடுங்க."

"பாப்பா எங்கே?"

"நீலசந்திராவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா."

ஆம்ப்ரோஸ் உட்காரவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து நின்றார். உள்ளறையிலிருந்து மெல்ல ஒரு முனகல் வந்தது. பிரிஜெட் கையிலிருந்த கரண்டியைத் தரையில் போட்டாள். அது கணீரென்று விழுந்து உருண்டது.

"கை வழுக்கிடுச்சுங்க," என்றாள்.

"பிரிஜெட்டம்மா, பூசைக்கு உங்க வீட்டுக்காரர் மட்டும் போனாரு, சரி. ஆனா கோயில்ல ரெண்டாம் மணி அடிக்கிறப்போ எங்க வீட்டுக் கொல்லையில நின்னு பார்த்தேன். உங்க கூரையில புகை வந்துச்சு."

"அது... ஆப்பத்துக்குத்தான் ஐயா."

"ஆப்பம் பூசைக்கப்புறம்தானே சுடுவோம். பூசையில நற்கருணை வாங்குறவங்க நடுராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டோம். பூசை முடியிற வரைக்கும் நம்ம சந்துல ஒரு அடுப்பும் எரியாது. நோயாளிக்கு மட்டும்தான் விலக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

ரெமிஜியஸ் அடுப்பைப் பார்த்தார். மாவு கரைத்து, தேங்காய் அரைத்து, தெருவே மணக்க ஆப்பம் சுட்டு, என்னென்னவோ யோசித்தார்கள். பாழாய்ப்போன இந்தப் புகையை மட்டும் யோசிக்கவில்லை.

"வெந்நீர் வச்சேன் ஐயா. தலைவலிக்கு ஒத்தடம் குடுக்க."

ஆம்ப்ரோஸ் குனிந்து, அடுப்போரம் இருந்த மண்சட்டியின் மூடியை எடுத்தார். குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி. இன்னும் ஆவி அடங்கவில்லை.

"இதுவா வெந்நீர்?"

பிரிஜெட் அவர் காலில் விழுந்தாள். "ஒத்தைப் பிள்ளைங்க ஐயா. அங்கே கொண்டுபோனா பயத்துலயே செத்துப் போயிடும். நானே பார்த்துக்கிறேன், வெளியில விடமாட்டேன். மாதா சத்தியமா விடமாட்டேன்."

ஆம்ப்ரோஸ் காலை விடுவித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சேவகர்களைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்த ரெமிஜியஸ், உள்ளறை வாசலை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு அடுப்படிக்குத் திரும்பி வந்து, மருந்துப் பையைத் திறந்து ஒரு பித்தளைத் தூக்கை வெளியே எடுத்தார். அதை அவளிடம் நீட்டினார்.

"இதுல கொஞ்சம் கஞ்சி ஊத்துங்கம்மா. நான் வச்சது அடிப்பிடிச்சுப் போச்சு."

பிரிஜெட் எழுந்து, ஒன்றும் புரியாமல் அவர் கைமடிப்புக் கரியையே பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும் இன்னிக்குப் பூசைக்கு முன்னாடியே அடுப்பு எரிஞ்சுதும்மா."