ஒரு முடிகூடக் கறுக்காது

"இன்னொரு தடவை அந்தக் கிண்ணத்தை என் தலைக்குப் பக்கத்துல கொண்டு வந்தீங்க, கவுத்து உங்க தலையிலயே கொட்டிடுவேன்!"

கிண்ணத்தோடு நின்ற ஹெட் கிளார்க் ஓரடி பின்வாங்கினார். அலுவலகத்தில் அவர் இருமினாலே பதினெட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் மனைவி உட்கார்ந்தபடியேதான் பேசுவாள்.

"இது சாயமில்ல அண்ணி. மருதாணி, அவுரி, கொஞ்சம் டீத்தண்ணி. அவ்வளவுதான்" என்றாள் அவருடைய தங்கை. கலக்கிக் கொண்டுவந்ததே அவள்தான்.

"இலையோ தழையோ, என் தலையில ஏறக் கூடாது."

ஹெட் கிளார்க் சுற்றறிக்கை வாசிக்கும் குரலுக்கு மாறினார். "விஷயத்தைப் புரிஞ்சுக்கோ. நீ வேலை பாக்கறது எங்க? சாயமே இல்லாம நரையைப் போக்குற எண்ணெய்க் கம்பெனியில. பன்னண்டு வருஷமா தற்காலிகம். நாளைக்கு விளம்பரத்துக்கு போட்டோ எடுத்ததும் நிரந்தரம்னு முதலாளியே சொல்லியிருக்கார். இந்தப் பஞ்சு மூட்டையோட போய் நின்னா, நிரந்தரமா வீட்லதான்!"

"வேலை எனக்கு வேணும்தான். ஆனா முடியில கை வைக்க விடமாட்டேன்."

"அந்தக் கம்பெனி எண்ணெயையாவது தேய்ச்சுத் தொலைச்சிருக்கலாம்."

"பாட்டில்ல லேபிள் ஒட்டறதே நான்தான். உள்ள என்ன ஊத்தறாங்கன்னு பாத்தவ யாராவது தேய்ப்பாளா?"

தங்கை சிரித்துவிட்டாள். அண்ணன் முறைத்ததும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"அம்பது வயசுக்காரிக்கு நரைச்சிருக்குன்னு சொல்லுவாங்க. பொய்யா? நீங்களும்தான் மாசாமாசம் பூசிக்கிறீங்க. முடியைவிடக் காதுதான் நல்லாக் கறுத்திருக்கு. இந்த வெள்ளையில பாதி நீங்க குடுத்தது, மீதி உங்க தங்கச்சி குடுத்தது. இத்தனை வருஷத்துல இந்த வீட்ல எனக்குன்னு கிடைச்சது இது ஒண்ணுதான். விட்டுக் குடுக்க மாட்டேன்."

ஹெட் கிளார்க்கின் கை தானாகக் காதுக்குப் போனது.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரும் கூடவே கிளம்பினார். முதலாளியிடம் கெஞ்சுவதற்கு மூன்று பத்தி மனப்பாடம் செய்திருந்தார். மனைவியோ பின்னலைக்கூட அவிழ்த்துவிட்டு, இடுப்பு வரை வெள்ளை வெளேரென்று பறக்க, ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிறவள் மாதிரி முன்னால் நடந்தாள்.

கம்பெனி மாடியில் வெள்ளைத் திரையும் இரண்டு விளக்குகளும் தயாராக இருந்தன. முதலாளி வந்தார். அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து வகிட்டை உற்றுப் பார்த்தார்.

ஹெட் கிளார்க்குக்கு வியர்த்துவிட்டது. "சார், மேற்படி விஷயம் தொடர்பா நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன் சார். மருதாணி வரைக்கும் ஏற்பாடு பண்ணேன். இவதான்..."

"மருதாணியா?" முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை! ஏம்மா, ஒரு முடிகூடக் கறுப்பு இல்லாம காப்பாத்திட்டீங்களே! நிரந்தர உத்தரவு இன்னிக்கே கையில."

"சொன்னா சொன்னதுதான் சார்" என்றாள் அவள், புருஷனைத் திரும்பியும் பார்க்காமல்.

படம் எடுத்து முடிந்தது. அச்சாகி வந்த சூட்டோடு முதலாளி அதைப் பலகையில் ஒட்டி, கீழே 'முதல் நாள்' என்று எழுதினார். பிறகு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று கருகருவென்ற கூந்தலோடு எடுத்த படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்தில் ஒட்டி, கீழே 'நாற்பதாம் நாள்' என்று எழுதினார்.