முந்நூற்றுப் பதினெட்டுப் பேரின் சாபம்

பட்டு வியாபாரி பார்தாஸுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. திருட வந்தவரிடமே சாவி இருக்கும் இடத்தைக் காட்டும் மடாதிபதியை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"பூட்டி வெச்சா சாவியை எங்க வெச்சோம்னு மறந்து போகுது. அதான் இந்த ஆணியில மாட்டிடறோம்," என்றார் மடாதிபதி நீலோஸ், வெள்ளந்தியாக.

அந்தப் பெட்டிக்குள்தான் சுவிசேஷப் புத்தகம் இருந்தது. தோல் ஏடுகள், தங்க எழுத்து, வெள்ளி அட்டை. கொரிந்து ஆளுநருக்குப் பழைய புத்தகம் என்றால் உயிர். இதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தால், காலியாக இருக்கும் துறைமுகச் சுங்க அதிகாரி பதவி பார்தாஸுக்குத்தான். பதினோரு வருடக் கனவு அது. முதலில் விலைக்குத்தான் கேட்டார். மடத்துச் சொத்தை விற்பதா என்று நீலோஸ் காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு மடத்தைச் சுற்றிக் காட்டினார். கிணறு தீப்ஸ் நகரத்து எண்ணெய் வியாபாரி வெட்டிக் கொடுத்தது, செக்கு தெசலோனிக்கா வக்கீலின் காணிக்கை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோயில் கூரை மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. நாளை எல்லாத் துறவிகளும் ஒலிவக்காய் பறிக்கப் போய்விடுவார்கள், காது கேட்காத சிசோயிஸ் மட்டும்தான் காவல் என்பதையும் அவரே சொன்னார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது பார்தாஸுக்கு.

மறுநாள் காலை, மடம் வெறிச்சோடியதும் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். பழக்கதோஷத்தில் புத்தகத்தை முத்தமிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, அப்புறம்தான் பைக்குள் திணித்தார். வாசலில் சிசோயிஸ் ஆசீர்வாதம் செய்து அனுப்பினார். வெளியே வாடகைக்குக் கோவேறு கழுதைகூடத் தயாராக நின்றது.

பாதி மலை இறங்கியதும் ஆசை தாங்காமல் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். கடைசி ஏட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது:

'இதை இந்த மடத்திலிருந்து எடுத்துப் போகிறவனை மிருகம் சுமக்காது. அவன் உண்பது கசக்கும். கடல் அவனை ஏற்காது. நிக்கேயா மகாசபையில் கூடிய முந்நூற்றுப் பதினெட்டுத் திருச்சபைப் பிதாக்களின் சாபம் அவன் தலைமேல் இறங்கும்.'

சாபம் எழுதாத புத்தகம் எந்த மடத்தில் இருக்கிறது? பார்தாஸ் சிரித்துக்கொண்டார். மற்ற ஏடுகளைவிட இதில் மை பளிச்சென்று இருந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் யார் புரட்டுகிறார்கள் என்று நினைத்தபடி மூடி வைத்தார்.

பாலத்தருகே கழுதை நின்றுவிட்டது. கழுதைக்காரன் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிக் கெஞ்சினான். அது காலை மடக்கி உட்கார்ந்தே விட்டது.

"எட்டு வருஷமா சுமக்குதுங்க. வரி வசூல் பண்றவரைக்கூட மூஞ்சி சுளிக்காம சுமந்துச்சு. ஐயா என்ன பண்ணிட்டு வந்தீங்களோ," என்றான்.

பார்தாஸ் நடந்தே துறைமுகத்துக்கு வந்து, தெக்லாவின் சத்திரத்தில் உட்கார்ந்தார். பயறுக் கஞ்சியை ஒரு வாய் வைத்ததும் துப்பினார். அப்படி ஒரு கசப்பு. பக்கத்து மேசைக்காரர்களோ அதே பானைக் கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெக்லா அவருடைய கிண்ணத்திலிருந்தே ஒரு கரண்டி எடுத்துக் குடித்துச் சப்புக்கொட்டினாள்.

"தேனாட்டம் இருக்கு. கோளாறு உங்க நாக்குலதான்யா. யாரு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்க?"

பார்தாஸ் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். எழுந்து படகுத் துறைக்கு ஓடினார். கடல் குளம் போலக் கிடந்தது. படகுக்காரன் கடலை ஒரு தரம் பார்த்தான், அவரை ஒரு தரம் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க. இன்னிக்குக் கடல் உங்களை ஏத்துக்காது."

அவ்வளவுதான். சுங்கமாவது, பதவியாவது. உயிர் இருந்தால் பட்டு விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, அந்தப் பருத்த உடம்போடு மலையேறினார்.

நீலோஸின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார். மடாதிபதி ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசி ஏட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். அவரும் கூடச் சேர்ந்து அழுதார். வெளியே தூறல் போட்டது. ஒழுகும் கூரையிலிருந்து ஒரு சொட்டு பார்தாஸின் வழுக்கைத் தலையில் விழுந்தது.

அதை அவர் வானத்தின் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். கோயில் முழுவதற்கும் புதுக் கூரை போட்டுத் தருவதாக அங்கேயே சத்தியம் செய்தார்.

திரும்பும்போது கழுதை துள்ளிக்கொண்டு சுமந்தது. தெக்லாவின் கஞ்சி நிஜமாகவே தேனாக இருந்தது. மூன்று கிண்ணம் குடித்தார். படகுக்காரன் கைகொடுத்து ஏற்றிவிட்டான். சாபம் நீங்கிய சந்தோஷத்தில் பார்தாஸ் கொரிந்து வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்.

ஈஸ்டருக்குள் கூரை தயாராகிவிட்டது. விருந்துக்குக் கழுதைக்காரன், தெக்லா, படகுக்காரன் மூவரும் மலையேறி வந்திருந்தார்கள். எல்லோரும் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்துப் பூரித்தார்கள்.

சாவியை மறுபடி ஆணியில் மாட்டும்படி, கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த காது கேட்காத சிசோயிஸிடம் மடாதிபதி மெல்லச் சொன்னதும், அவர் சட்டென்று எழுந்து போனார். மடாதிபதி தெக்லாவின் பக்கம் திரும்பினார்: "அடுத்து வர்றவருக்குக் கசப்பு வேரைக் கொஞ்சம் குறைச்சுப் போடும்மா. அவர் பசியோட மலையேறி வழியிலேயே விழுந்துட்டா, சமையலறைச் சுவரை யாரு கட்டிக் கொடுக்கிறது?"